ஏழு மாதப் பயணம்

அப்பா படுக்கையில் விழுந்தார் என்று கும்பகோணம் போனவன், அமெரிக்கா திரும்ப ஏழு மாதம் ஆகிவிட்டது. குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போதுதான் அது முன்னால் வந்து நின்றது. கிரீன் கார்டுக்குப் பிறகான ஐந்து ஆண்டுக் கணக்கில், ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், அமெரிக்காவில் தொடர்ந்து வசித்தது அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது நம் பாடு. வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, விடுப்புக் கடிதம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் என்று ஃபைல் தடித்தது.

படிக்கிற சாக்கில் பழைய வழக்குகளையும் புரட்டினேன். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர், குடியுரிமைச் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' இல்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946 சட்டம்தான் நமக்குக் கதவைத் திறந்தது. என்னைப் பிடித்துக்கொண்டது 1964இன் ஷ்னைடர் வழக்கு. குடியேறிக் குடியுரிமை பெற்றவர் பிறந்த நாட்டில் மூன்று ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தால் குடியுரிமை போய்விடும் என்று ஒரு சட்டம் இருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவருக்கு அந்தத் தடை கிடையாது. இது பாரபட்சம் என்று நீதிமன்றம் அடித்துப் போட்டது. 1967இல் அஃப்ரோயிம் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போய், அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தைக் காட்டி, சம்மதமில்லாமல் குடியுரிமையைப் பறிக்க முடியாது என்றது. விண்ணப்பத்தில் பொய் சொல்லி வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு.

நேர்காணல் நாளில், அதிகாரி வந்து அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நம் பாஸ்போர்ட்டில் அதுதானே குடும்பப் பெயர்! சற்றுத் தாமதமாகத்தான் எழுந்தேன். அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பற்றிய தேர்வில் அப்போதெல்லாம் பத்துக் கேள்வியில் ஆறு சரியானால் போதும். முதல் ஆறோடு முடிந்தது. அப்புறம் ஃபைல். வரிக் கணக்கை வேகமாகத் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டில் நின்றார்.

"அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?"

"இறந்துவிட்டார்."

ஃபைலை மூடிவிட்டார்.

உறுதிமொழி நாளில் வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டார்கள். அடுத்து இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு வாங்கினேன். அம்மாவுக்கு இப்போது கண் ஆபரேஷன். இந்த முறை ஒருவழி டிக்கெட்தான் போட்டிருக்கிறேன்.