அளவு மாடலிலா, லேஅவுட்டிலா?

"செவுரு மாறும்ணா மாடல்ல போடு, மாறாதுண்ணா லேஅவுட்ல போடு." கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளில், உண்மை அளவில் வரையும் மாடல் பக்கத்திலா, பிரிண்டுக்குத் தாளை அமைக்கும் லேஅவுட் பக்கத்திலா டைமென்ஷன் (அளவுக் குறி) போடுவது என்று கேட்ட தம்பிக்கு நான் சொன்ன பதில் இது. அவர் விடவில்லை. "அப்பம் பாத்ரூம் டீட்டெயில் மட்டும் எதுக்கு அண்ணா லேஅவுட்ல? எல்லாத்தையும் விட கூடுதலா மாறுறது அதுதானே?"

நான் சொன்னது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மாடலில் சுவரை ஸ்ட்ரெச் செய்தால் (இழுத்து நகர்த்தினால்), அதற்குப் போடும் தேர்வுப் பெட்டியான கிராஸிங் விண்டோவுக்குள் அளவின் முனைப்புள்ளியும் சேர்ந்து அகப்படும். சுவர் 150 மி.மீ. நகர்ந்தால் எண்ணும் கூடவே மாறும். லேஅவுட்டில் கிடக்கும் அளவை மாடலில் நின்றுகொண்டு பிடிக்க வழியே இல்லை. அளவைக் கோட்டோடு கட்டும் டிம்அசோக் அமைப்பு 2 என்று இருந்தால், வியூபோர்ட் (தாளில் மாடலைக் காட்டும் சட்டம்) வழியாகச் சுவரோடு கட்டுப்பட்டு இருக்கும், உண்மைதான். ஆனால் அவசரத்தில் ஸ்ட்ரெச் செய்யாமல் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக வரைகிறவர்கள்தான் அதிகம். அழித்ததும் அந்தக் கட்டு அறுந்துவிடும். மாடலில் என்றால், வெற்றிடத்தில் தொங்கும் அளவு உடனே கண்ணில் படும். லேஅவுட்டில் என்றால் திருத்துகிறவருக்கு அப்படி ஒரு அளவு இருப்பதே தெரியாது. நம் பக்கத்தில் சுவர் லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே வரும் விட்டம்) மட்டத்தை எட்டும் வரை பிளான் முடிந்ததாகக் கணக்கில்லை. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், திருத்தம் வாட்ஸ்அப் குரலில் வரும். மார்த்தாண்டம் பக்கம் சரிவு மனையில் பாறை தட்டினால் படிக்கட்டே இடம் மாறும்.

அப்படியிருந்தும் பாத்ரூம் லேஅவுட்டுக்குப் போனதற்குக் காரணம் ஸ்கேல். 1:100 பிளானுக்கு 2.5 மி.மீ. எழுத்து வேண்டுமென்றால் மாடலில் அது 250 உயரம். அதே எழுத்து 1:25 வியூபோர்ட்டில் 10 மி.மீ. ஆகி குளோசெட்டையே மறைத்துவிடும். ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்தின் உயரத்தைத் தானே மாற்றும் அனோடேட்டிவ் ஸ்டைல் இதற்காகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் எழுத்துக்குத் தனி இடம் உண்டு. ஒன்றில் நகர்த்தினால் மற்றதில் நகராது. அனோஆட்டோஸ்கேல் என்ற அமைப்பு ஆனில் இருந்துவிட்டால், ஸ்கேலை மாற்றும்போதெல்லாம் எல்லா அளவிலும் புது ஸ்கேல் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வது தனி வேலை. இன்னொன்று, நாகர்கோவிலில் ஸ்ட்ரக்சர் பார்க்கும் இன்ஜினியர் நம் பிளானை எக்ஸ்ரெஃபாக (தன் ஃபைலில் இணைப்பாக) எடுக்கும்போது லேஅவுட்டில் போட்டது எதுவும் கூட வராது. அவருக்குத் தூண் மையத்துக்கு மையம் அளவு வேண்டும். டைல்ஸ் அளவு வேண்டாம். அந்தவகையில் லேஅவுட் நல்லதே.

குறிப்புகள் எளிது என்று நினைத்திருந்தேன். கான்கிரீட் கிரேடு, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்), பூச்சு ஆகிய பொதுக் குறிப்புகள் லேஅவுட்டில், தாளின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்குக்கு மேலே. அறைப் பெயரும் சன்னல் சில் (அடிவிளிம்பு) உயரமும் அந்த இடத்திலேயே, மாடலில். ஆனால் சைட்டில் கண்டிராக்டர் ஷீட்டை மொபைலில் படம் பிடிப்பார். பிளான் மட்டும் வரும், பொதுக் குறிப்புகள் இருக்கும் வலப்பக்கப் பட்டை வெட்டுப்பட்டுப் போகும். கொத்தனார் கையில் இருப்பது அந்தப் படம்தான். ஏ1 ஷீட்டை ஏ3-இல் பிரிண்ட் எடுத்தாலோ 2.5 மி.மீ. எழுத்து 1.25 ஆகிவிடும். எந்தத் தாளில் எடுக்கப் போகிறோமோ அந்தத் தாளிலேயே லேஅவுட்டைத் தொடங்குவதுதான் சரி. சுவரை மாற்றக்கூடிய குறிப்பு எதுவானாலும் லீடர் (அம்புக்கோடு) வைத்துப் படத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

இப்போதைக்குப் பாத்ரூம் ஷீட் லேஅவுட்டிலேயே இருக்கிறது, வியூபோர்ட் பூட்டி. பூட்டாமல் உள்ளே போய் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஸ்கேல் போகும். டிம்ரீஜென் கட்டளை கொடுத்தால்தான் அளவுகள் மறுபடி ஒட்டும், தனியாகப் போட்ட எழுத்து அதற்கும் வராது. பிளாட் (பிரிண்ட்) எடுக்கும் முன் அனோடேஷன் மானிட்டரை ஆன் செய்தால், கட்டு அறுந்த அளவுகளில் மஞ்சள் ஆச்சரியக்குறி தெரியும். அதை வைத்துத் தம்பிக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். பிறகு, எண்ணைக் கையால் டைப் செய்து மேலெழுதியதை அந்த மஞ்சள் குறி காட்டாதே என்ற நினைப்பும் வரும். அதைப் பண்பை வைத்துத் தேர்ந்தெடுக்கும் குயிக் செலக்டில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு (மேலெழுதிய எண்) போட்டுத்தான் தேட வேண்டும். மாடலில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு லேஅவுட்டிலும் தனித்தனியாக.