இரண்டு டைமர்களுக்கும் ஒரே பெரட்டு

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் சர்க்கியூட் போர்டுகளில் பல, செம்பனை ஆலைகளிலிருந்து வருபவை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகுதான் எதையும் பார்க்க முடியும். அன்று வந்தது, கன்வேயர் பெல்ட் வழுக்குகிறதா என்று கவனிக்கும் போர்டு. மோட்டார் பக்கத்து சென்சார் ஐந்து துடிப்பு தந்தால் உருளைப் பக்கத்து சென்சார் ஒன்று தர வேண்டும். கணக்கு பிசகினால் பெல்ட் நின்றுவிடும். ஆலையில் பெல்ட் வழுக்காமலே எப்போதாவது நின்றுவிடுகிறதாம்.

பட்டறையில் பெல்ட் ஏது? 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு சதுர அலை, 1 கிலோஹெர்ட்ஸில் இன்னொன்று, இரண்டையும் நாங்களே உண்டாக்க வேண்டும். கையில் ஓர் ஆர்டுயினோ ஊனோ இருந்தது; நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்னப் போர்டு.

முதலில் நிரலிலேயே வெளியீட்டுப் பின்னின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். அலை நடுங்கியது. சிப்புக்குள் நேரத்தை எண்ணும் டைமர்கள் மூன்று உண்டு. அவற்றில் டைமர்0, 1024 மைக்ரோநொடிக்கு ஒருமுறை நிரலில் குறுக்கிடும். அது முடியும்வரை நம் வேலை காத்திருக்கும். நேரம் முக்கியம் என்றால் அதை டைமரிடமே ஒப்படைத்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

சரி, கணக்குப் போட்டேன். ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை, அதை வகுத்து மெதுவாக்கும் ப்ரீஸ்கேலரில் 8-ஆல் வகுத்தால் ஓர் எண்ணிக்கைக்கு அரை மைக்ரோநொடி. டைமர்2 ஒவ்வொரு 200 எண்ணிக்கைக்கும் பின்னைப் புரட்டினால், அதாவது ஏறியிருந்தால் இறக்கி இறங்கியிருந்தால் ஏற்றினால், 5 கிலோஹெர்ட்ஸ். டைமர்1 1000 எண்ணிப் புரட்டினால் 1 கிலோஹெர்ட்ஸ். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 199, 999 என்று எழுத வேண்டும். நான் இரண்டாவதில் 1000 என்று எழுதிவிட்டேன். 1 கிலோஹெர்ட்ஸ் அலையில் நொடிக்கு ஒரு துடிப்பு குறைந்தது. அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஓர் அலை அசையாமல் நிற்க, மற்றது வாய்க்காலில் போகும் இலைபோல ஓடியது. அரை நாள் போர்டையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, போர்டைக் குறை சொல்றதுக்கு முன்னே நீ குடுக்கிற சிக்னலைப் பாரு" என்றார் அண்ணன்.

999 ஆக்கியதும் ஓட்டம் நின்றது. ஆனால் அலைகளின் விளிம்புகள் சேரவில்லை. டைமர்2-க்குத் தனி ப்ரீஸ்கேலர். நிரலில் ஒரு வரி கூட்டினால்கூட இடைவெளி மாறியது. எனக்கு வேண்டியதோ இரண்டு விளிம்பும் ஒரே கணத்தில் வருவது. ஆலையில் எப்போதாவது வரும் கோளாறு அந்தக் கணத்தில்தான் வருகிறது என்று எனக்குப் பட்டது.

அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன காலத்தில், விடியுமுன் பெரட்டு, அதாவது எல்லாரையும் நிறுத்திப் பேர் எடுப்பது. முன்னே வந்தவர்களும் அங்கே நின்றே ஆக வேண்டும். பேர் கொடுத்த பிறகுதான் எல்லாரும் அவரவர் மர வரிசையான நிரைக்குப் போவார்கள். இந்தச் சிப்பிலும் அப்படி ஒன்று உண்டு. டைமர்களைக் கட்டுப்படுத்தும் ஜிடிசிசிஆர் (GTCCR) பதிவேட்டில், டைமர்களை ஒன்றாக நிறுத்திவைக்கும் டிஎஸ்எம் (TSM) பிட்டையும் இரண்டு ப்ரீஸ்கேலர்களின் ரீசெட் பிட்டுகளையும் 1 ஆக்கினால் ப்ரீஸ்கேலர்கள் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் இரண்டு எண்ணிகளையும் பூஜ்யமாக்கி, பதிவேட்டில் 0 எழுதினால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். ப்ரீஸ்கேலர் வழியாகப் போகும் கடிகாரத்துக்குத்தான் இது பலிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஆசிலோஸ்கோப்பை ஒரு கட்டத்துக்கு 1 மைக்ரோநொடி என்று விரித்துப் பார்த்தேன். இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கோடாக நின்றன. போர்டு உடனே 'வழுக்கல்' விளக்கைப் போட்டது. இந்த முறை சிக்னல்மேல் சந்தேகம் இல்லை.

லென்ஸ் வைத்துத் தேடினோம். சென்சார் சிக்னலை ஒளி வழியாக உள்ளே கடத்தும் ஆப்டோகப்ளர்களுக்குப் பக்கத்தில், மின்னழுத்தம் சரியாமல் தாங்கும் கெப்பாசிட்டரின் ஒரு காலில் பற்றவைத்த ஈயம் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. இரண்டு உள்ளீடும் சேர்ந்து மாறும்போது போர்டின் 5 வோல்ட் மின்னழுத்தம் சற்றே சரிந்திருக்கிறது. அண்ணன் புது ஈயம் வைத்தார். அதே அலைகளை இராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலையில் கதவைத் திறந்தபோது விளக்கு எரியவில்லை. விளிம்புகள் ஒட்டியபடியே இருந்தன.