ஒண்ணும் ஆகலையே அண்ணே

ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை செய்யும் பையன் சொன்ன அந்த ஒரு வரி நாலு மாதமாகக் காதிலேயே நிற்கிறது. கத்தியது நான். பேச்சில் தோற்றதும் நான்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

வண்டியில் ஏர்பேக் விளக்கு அணையவில்லை. 2019 ஜூலையில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமான பிறகு சின்ன வண்டிகளும் இந்தக் குறையோடு வருகின்றன. ஸ்கேனரில் டிரைவர் ஏர்பேக் சர்க்யூட், ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம் என்று கோளாறு கோடு (code). அழித்தால் போகும், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினால் திரும்பவும் வரும். கிளாக் ஸ்பிரிங்தான், அதாவது ஸ்டீயரிங் திரும்பும்போதும் ஏர்பேக்குக்கு இணைப்பு அறாமல் வைத்திருக்கும் சுருள் நாடாதான் என்று முக்கால்வாசி உறுதி. மீதிக் கால்வாசிக்குத்தான் டம்மி, ஏர்பேக்குக்குப் பதிலாக மாட்டிப் பார்க்கும் ரெசிஸ்டர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, ஏர்பேக்கை எடுத்துவிட்டு அது மாட்டியிருந்த வயர் கப்ளரில் இரண்டு ஓம் அளவுள்ள டம்மியை மாட்ட வேண்டும். பேட்டரியைக் கொடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்தால், கோடு போனால் கோளாறு ஏர்பேக் பக்கம். போகாவிட்டால் கிளாக் ஸ்பிரிங் அல்லது வயரிங். அளப்பதெல்லாம் ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்தான். நம் கை ஏர்பேக்கின் முனையைத் தொடவே வேண்டாம்.

டம்மியை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால், மேசைமேல் ஏர்பேக் கவிழ்ந்து கிடக்கிறது. பின்பக்கத்து முனையில் மல்டிமீட்டரின் இரண்டு குச்சிகள்.

"0.3 ஓம்தான் காட்டுது அண்ணே. பேக் போச்சு."

"டேய், மூஞ்சி வேணுமா வேண்டாமா உனக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டியில் வேலை பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த வரியைச் சொன்னான். கூடவே கணக்கும் சொன்னான். டிஜிட்டல் மீட்டர் ஓம் பார்க்க அனுப்புவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர், ஏர்பேக் வெடிக்க ஓர் ஆம்பியருக்கு மேல் வேண்டும், அப்புறம் எப்படி வெடிக்கும் என்று கேட்டான். "மேனுவல்ல கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன். அதற்குமேல் எனக்குப் பதில் வரவில்லை.

பதில்கள் ராத்திரிதான் வந்தன. அதே டிராயரில் பழைய முள் மீட்டர் ஒன்று கிடக்கிறது. அதன் ஓம் ரேஞ்சில் நூறு மில்லி ஆம்பியருக்கு மேலும் போகலாம். எலக்ட்ரிக் வண்டிக்கு வாங்கிய இன்சுலேஷன் டெஸ்டரும் அங்கேதான் இருக்கிறது, அது 500 வோல்ட் கொடுக்கும். அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று யார் கண்டது? வெடித்தால் முப்பது மில்லி செகண்ட், கண் இமைக்கக்கூட நேரம் கிடைக்காது. கவிழ்த்து வைத்த ஏர்பேக் என்றால் மொத்தமும் மேலே பறக்கும். அதனால்தான் மூடி மேலே பார்க்க வைக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் குச்சியோடு நிற்பவனிடம் யாராவது நிதானமாகப் பேசுவார்களா? கத்தியது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். பாதி நாள்.

இன்னொரு பதிலும் இருந்தது. அந்த 0.3 ஏர்பேக்கின் அளவே இல்லை. கப்ளரைப் பிடுங்கியதும் முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஒரு தகடு உள்ளே இருக்கிறது. தப்பித்தவறி வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மீட்டர் படித்தது அந்தத் தகட்டை. அவன் பேச்சை நம்பியிருந்தால் நல்ல ஏர்பேக்கைத் தூக்கிப் போட்டுப் புதுசுக்குப் பில் போட்டிருப்போம். டம்மி மாட்டிய பிறகும் கோடு அப்படியே நின்றது. கிளாக் ஸ்பிரிங்தான், மாற்றினோம், சரியானது. இதை அவனிடம் மறுநாளே சொன்னேன். தலையாட்டினான்.

இப்போது டம்மி இல்லாமல் அவன் ஏர்பேக் பக்கமே போவதில்லை. புரிந்து செய்கிறானா, என் சத்தத்துக்குப் பயந்து செய்கிறானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவன் திருப்பிக் கேட்பான்.

ஏனென்றால், அந்த மீட்டர் வித்தை அவனாகக் கண்டுபிடித்ததில்லை. டீ குடிக்கும்போது நான் அடித்த பெருமை அது: "நாங்கல்லாம் அந்தக் காலத்துல மீட்டரை நேரா வச்சுப் பார்த்தவங்கடா. சரியா ரெண்டு ஓம். ரெண்டு காட்டலைன்னா பேக் போச்சு." ஒரு தடவை வைத்துப் பார்த்தது உண்மை. ஏர்பேக் மடியில் இருந்தது, கை நடுங்கியது, சட்டென்று எடுத்துவிட்டேன். அன்றைக்கு மீட்டர் என்ன காட்டியது என்று நான் பார்க்கவே இல்லை.