ஐன்ட்ஹோவனில் அரிசி மூட்டை சைக்கிளில்தான் வருகிறது

நெதர்லாந்துக்கு வரும் நம்மவர்கள் வேலையில் சேர்ந்து கொஞ்சம் மூச்சு விட்டதும் பழைய கார் ஒன்றைத் தேடத் தொடங்குவார்கள். இங்கே ஐன்ட்ஹோவன் நகரில் இருக்கும் நாங்களும் வாங்கினோம், இன்றும் வைத்திருக்கிறோம். ஆனால் புதிதாகக் குடிவரும் குடும்பம் எதுவாக இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: காருக்கு முன்னால், உறுதியான கேரியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

இங்கே பெட்ரோல் லிட்டர் சுமார் 2 யூரோ. நெடுஞ்சாலை பங்க்கில் விலை கூடும், ஊருக்குள் ஆளில்லாத பங்க்கில் கொஞ்சம் குறையும். பெல்ஜியம் எல்லை பக்கம்தான் என்று அங்கே போய் டேங்கை நிரப்பி வருபவர்களும் உண்டு. சரி, அந்தப் பெட்ரோல் எங்கே செலவாகிறது? பள்ளிக்கூடம், சூப்பர் மார்க்கெட், மருந்துக் கடை, நூலகம். எங்களுக்கு எல்லாமே சில கிலோமீட்டருக்குள். என்ஜின் சூடாவதற்குள் இறங்கிவிடுவோம். குளிர்ந்த என்ஜின்தான் கிலோமீட்டருக்கு அதிகம் குடிக்கும். ஊர் மையத்தில் பார்க்கிங் காசு தனி. மிச்சம் பிடிக்க வேண்டியது இந்தக் குட்டிப் பயணங்களில்தான்.

குழந்தையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சாலையில் போவதா என்று ஊரிலிருந்து அம்மா கேட்டார். இங்கே சைக்கிளுக்குச் சிவப்பு நிறத்தில் தனிப்பாதை, தனி சிக்னல். ஐன்ட்ஹோவனுக்கும் பக்கத்து ஊரான ஃபெல்ட்ஹோவனுக்கும் இடையே 2012இல் திறந்த ஹோவன்ரிங், வட்டமாகத் தொங்கும் பாலம். சைக்கிள்கள் மேலே சுற்றிப் போக, கார்கள் கீழே போகும். இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1971இல் மட்டும் நெதர்லாந்தில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். இந்தச் சைக்கிள் பாதையில் என் மகளோடு போகும்போதெல்லாம் அந்தப் பெற்றோர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்வேன்.

அப்புறம், சாமான் ஏற்றும் விஷயம். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பெரிய பையை முதலில் வாங்குங்கள். 10 கிலோ அரிசியை ஒரே பக்கம் போட்டால் வண்டி இழுக்கும்; 5 கிலோ மூட்டை இரண்டாக வாங்கி, பக்கத்துக்கு ஒன்று வையுங்கள். எண்ணெய், பால் அதன் மேல். துருக்கிக் கடை கொத்தமல்லியும் வெண்டைக்காயும் கடைசியாக, நசுங்காமல். 8 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். பழைய டச்சு சைக்கிள்கள் பலவற்றில் கைப்பிடியில் பிரேக்கே இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும். கூட்டமில்லாத தெருவில் பழகிவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வேலைக்குப் போய்வர கிலோமீட்டருக்கு 0.23 யூரோ வரை நிறுவனம் வரியில்லாமல் கொடுக்கலாம், சொந்த சைக்கிளில் போனாலும்கூட. உங்கள் ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். சைக்கிளும் கைக்கு வந்த பிறகு இரண்டாவது கார் வேண்டுமா என்று யோசியுங்கள். வண்டியின் எடைக்கு ஏற்ப வரும் சாலை வரி, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும்.

இங்கே எதிரி மழை இல்லை, எதிர்க்காற்று. அதற்கு மின்சார சைக்கிள் நல்ல தீர்வு, ஆனால் விலை அதிகம். தரையில் பனி உறைந்த காலையில் நாங்கள் பஸ்ஸில் போகிறோம். வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டினால் போதும். பழைய சைக்கிள் வாங்கினால் சட்டகத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அது திருட்டு வண்டியா என்று போலீஸின் இணையப் பதிவில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பூட்டு இரண்டு வாங்குங்கள்.