தீப்பெட்டி கன்டெய்னரும் நான்காவது ஸ்டிக்கரும்

கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். பல ஆண்டுகளாகப் பெரிய ஏற்றுமதியாளர்களுக்குச் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு ஆர்டர் நேரடியாகக் கிடைத்தபோது, முதல் கன்டெய்னரைத் தூத்துக்குடி வழியாக நாங்களே அனுப்புவதென்று முடிவானது. காகித வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. இதே வழியில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கடல்வழிச் சரக்கில் தீப்பெட்டி ஆபத்தான பொருள். வகுப்பு 4.1, அதாவது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்; ஆபத்தான பொருள்களை அடையாளம் காட்ட உலகமெங்கும் பயன்படும் ஐ.நா. எண் 1944. அந்த எண்ணைப் படிவத்தில் எழுதியபோது எனக்குப் பம்பாய் துறைமுக வெடிவிபத்து நினைவுக்கு வந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டைகின் கப்பலில் பருத்தி மூட்டைகளும் வெடிமருந்தும் சேர்ந்தே ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியில் பிடித்த தீ வெடிமருந்தைத் தொட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். எண்ணுக்கும் ஆண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் எதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்று இன்று கப்பல்காரர்கள் கையில் ஒரு அட்டவணை இருப்பது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் பெட்டியை 5.1 வகுப்புச் சரக்கின் அருகில் வைக்க மாட்டார்கள். அவை ஆக்சிஜனை வெளியிட்டு எரிகிற தீயை வளர்ப்பவை.

முதல் சோதனை துறைமுகத்துக்குப் போகும் முன்பே வந்தது. கப்பலில் இடம் பிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு இடைத்தரகர், "தீப்பெட்டி என்று எழுத வேண்டாம் தம்பி. வீட்டு உபயோகப் பொருள் என்று போட்டுவிடுவோம். கூடுதல் கட்டணமும் மிச்சம், அனுமதிக்கு ஒரு வாரம் காத்திருக்கவும் வேண்டாம்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. 2019 மே மாதம் தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் தீப்பற்றியது. பொம்மைகள் என்று அறிவிக்கப்பட்ட கன்டெய்னர்களில் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற, தீயை வளர்க்கும் ரசாயனம் இருந்தது. ரசாயனம் என்று தெரியாமல் வெறும் தண்ணீரோடு தீயை நெருங்குகிற தீயணைப்பு வீரரை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்கு வருகிற எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க யாராலும் முடியாது. எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் கிரேன் தூக்குகிறது. அந்த இடைத்தரகரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்தோம்.

ஆபத்தான சரக்கு அறிவிப்புப் படிவம், பாதுகாப்புத் தகவல் தாள், ஐ.நா. முத்திரை பெற்ற அட்டைப்பெட்டிக்கான சான்றிதழ் மூன்றும் சேர்ந்தால்தான் கப்பல் நிறுவனம் பரிசீலிக்கவே ஆரம்பிக்கும். தகவல் தாளில் குச்சித் தலையின் மருந்தில் என்ன இருக்கிறது, பெட்டியின் பக்கவாட்டில் என்ன தடவியிருக்கிறது என்று எழுத வேண்டும்: பொட்டாசியம் குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ். எங்கள் ஆபீஸில் மருந்து கலக்குகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். சுங்கத்துக்கான ஷிப்பிங் பில்லைக் கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொண்டார். எடை மட்டும் கவனம்: 2016 ஜூலை 1 முதல் ஏற்றிய கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்துக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

சரக்கை முன்கூட்டியே துறைமுகத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது. ஆபத்தான சரக்குக்குக் குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். அலுத்துக்கொண்டேன், பிறகு பெய்ரூட்டை நினைத்துக்கொண்டேன். 2013இல் ஒரு கப்பலில் வந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிக்கக்கூடிய ரசாயனம் அந்தத் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்து 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது. அங்கே அது என்ன பொருள் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது, அப்புறப்படுத்தத்தான் யாரும் இல்லை. சென்னை மணலியிலும் 2015இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அப்படியே கிடந்ததும், பெய்ரூட்டுக்குப் பிறகு அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

அனுப்பும் நாள். பண்டல்களை ஏற்றி முடித்து, கன்டெய்னர் கதவுக்குப் பாட்டில் சீல் என்ற பூட்டு முத்திரை வைத்து, நான் பார்க்கப் பார்க்க லாரி கிளம்பியது. மதியம் டிரைவர் அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஸ்டிக்கர் மூன்றுதான் இருக்கிறதாம்."

சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக, நடுவில் கறுப்புச் சுடர் வரைந்த, உள்ளே தீப்பற்றும் பொருள் இருக்கிறது என்று எச்சரிக்கும் ஸ்டிக்கர் அது. நான்கு பக்கமும் ஒட்ட வேண்டும். லாரியின் கேபினைப் பார்த்த முன்பக்கத்தில் ஒட்டவில்லை. கேபின் மறைப்பதால் ஏற்றுகிற பையன்கள் விட்டுவிட்டார்கள், நானும் சுற்றிவந்து பார்க்கவில்லை. மீதமிருந்த ஸ்டிக்கரைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் அறுபது கிலோமீட்டர் ஓடினேன்.

வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் கண்ணாடியைக் கம்பியில் மாட்டி லாரிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் நுழைவுச் சீட்டையும் உரிமத்தையும் வாங்கி முகத்தோடு ஒப்பிட்டார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உருவான சர்வதேசத் துறைமுகப் பாதுகாப்பு விதி 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2008இல் பத்துப் பேர் கடல் வழியாக வந்து மும்பையைத் தாக்கியதற்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியது என்று அண்ணாச்சி சொன்னார். இருபது ஆண்டுக்கு மேலாக இந்த வாசலில் லாரி ஓட்டுகிறவர்.

கேபினுக்கும் கன்டெய்னருக்கும் நடுவே ஏறி நின்று, தூசியைத் துணியால் துடைத்து, ஸ்டிக்கரை ஒட்டினேன். வியர்வையில் ஒரு மூலை பிடிக்கவில்லை. காவலுக்கு நின்றவர் காத்திருந்து, "நன்றாக அழுத்துங்கள். உள்ளே தீப்பிடித்தால் எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?" என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, விளக்கமாகச் சொன்னார். பிறகு அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

இப்போது மாதம் ஒரு கன்டெய்னர் போகிறது. லாரி கிளம்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுக்கிறேன். முதல் படம் முன்பக்கம்.