கோடிக்குழகருக்குத் துணை இருந்தவர்கள்

தை அமாவாசைக்குக் கோடியக்கரை ஆதிசேதுவில் கடலாடுகிறவர்கள் பெரும்பாலும் நேரே வேதாரண்யேசுவரரைப் பார்க்கப் போய்விடுவார்கள். வழியில் கோடியக்காட்டில் இருக்கிற குழகர் என்கிற சிவனிடம் கூட்டம் குறைவு. எங்களுக்கு அவர்தான் முதலில்.

இந்த முறை போனது, பறவை எண்ணுவது, கருவேலம் பிடுங்குவது என்று இங்கே காட்டு வேலையில் கூட இருந்து மறைந்துபோன நண்பர்களுக்காக. சொந்தம் இல்லாதவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடலாமா என்று கேட்டேன். "தாராளமா விடலாம். சிநேகிதாளுக்கும் சேர்த்துத்தான் காருண்ய தர்ப்பணம்" என்றார் சாஸ்திரிகள். கோத்திரம் தெரியாது என்றதும் காசியப கோத்திரம் என்று சொல்லி, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டு நீர் விட வைத்தார். பறவை எண்ணிய பெரியவர் பெயர் வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை.

அப்புறம் கோயில். மைத்தடங்கண்ணி அம்மையைக் கும்பிட்டுவிட்டுக் குழகர் முன்னால் நின்றோம். கடற்காற்று அடிக்கும் கரையில் இவர் தனியாக இருப்பதைக் கண்டு, உமக்கு யார் துணை என்று சுந்தரர் மனம் நொந்து பாடிய தலம் இது. பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுவதையும், சுற்றியிருந்த வேடர்களின் கொடுமையையும் அந்தப் பதிகத்திலேயே சொல்லிவிடுகிறார். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டுக்கு, அதற்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதப்பட்ட சாட்சி அது. அதைப் பாடும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். சுந்தரர் கேட்ட துணையாக அவர்கள் இருந்தார்கள் என்றே நம்புகிறேன்.

பெரியவர் சதுப்பில் முழங்கால் சேற்றில் நின்றபடி பூநாரைகளைப் பத்துப் பத்தாக எண்ணிச் சொல்வார். நான் நோட்டில் கோடு போடுவேன். ஒரு கூட்டம் எழும்பிப் பறந்துவிட்டால் முகம் சுளிக்காமல் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். இன்னொரு அண்ணனுக்குச் சீமைக்கருவேலம்தான் பகை. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும்; கருவேலம் ஏறினால் புல் போய்விடும். அதன் நெற்றைத் தின்கிற விலங்குகளே சாணத்தில் விதையைப் பரப்பிவிடும் என்பதால், சாணம் கிடந்த இடமெல்லாம் குனிந்து பார்த்துக் கன்றிலேயே பிடுங்குவார். விரல் நுனியெல்லாம் முள் கீறிய தழும்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, சாய்ந்து கிடந்த பாலை மரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவர் நடந்தது கண்ணிலேயே நிற்கிறது.

அந்த அண்ணன் ஒவ்வோர் அமாவாசைக்கும் கரையில் நின்று, வருகிறவர்களிடம் கைகூப்பி ஒன்று கேட்பார். இப்போது நாங்கள் கேட்கிறோம். முழுக்குப் போட்டுவிட்டுக் கட்டியிருந்த துணியைக் கடலில் விடாதீர்கள். அலை அதைத் திரும்பக் கரையில்தான் ஒதுக்கும். பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிட ஏறி வருவது தை, மாசியில். வருகிற வழி இதே மணல்தான்.