யார் கழுத்து என்று பார்க்காமல்

2011 ஆகஸ்ட் 30 அன்று தமிழ்நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரையும் செப்டம்பர் 9ஆம் தேதி தூக்கிலிடுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அன்றைக்கே சட்டமன்றமும் கூடி, மூவரின் கருணை மனுக்களை மறுபரிசீலனை செய்யும்படி குடியரசுத் தலைவரைக் கேட்டு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. இரண்டு நாள் முன்புதான் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் இந்த மூவருக்காகத் தீக்குளித்து இறந்திருந்தார். கட்சி பேதம் இல்லாமல் மக்கள் தெருவில் நின்றார்கள். "உயிரை எடுக்க அரசுக்கு உரிமை இல்லை" என்று அன்று மேடைக்கு மேடை கேட்டேன். மனம் நிறைந்திருந்தது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2012 பிப்ரவரி 23, நள்ளிரவு தாண்டிய நேரம். வேளச்சேரியில் ஒரு வீட்டில் இருந்த ஐந்து பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்டவர்கள், வெளிமாநிலத்தவர்கள். அவர்கள் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் கேள்வி கேட்டன. ஆனால் ஆகஸ்டில் தெருவில் நின்ற கூட்டம் வரவில்லை. நான் வேலை பார்த்த கட்டடத்திலேயே, "கேஸ், வாய்தான்னு இழுக்காம ஒரே ராத்திரியில் முடிச்சுட்டாங்க" என்று திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கட்டடம் ஒரு நீதிமன்றம்.

அன்று தொடங்கியது இந்த வருத்தம். இன்னும் போகவில்லை.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கொலை வழக்குத் தீர்ப்புகளை அடிப்பதில் போனது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் காயங்களுக்கு எண் போட்டிருப்பார்கள். எத்தனை சென்டிமீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், எலும்பு வரை போனதா இல்லையா. ஒரு குழந்தையின் அறிக்கையை அடித்துவிட்டு வீட்டுக்குப் போன இரவில் தூக்கம் வராமல் பூஜை அறையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன். மரண தண்டனையை எதிர்ப்பவர்களுக்குச் செத்தவர்களின் வலி தெரியாது என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அது எண் வாரியாகத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். ஒருவர் குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனையைச் சொல்வதற்கு முன், நீதிபதி அவரைப் பார்த்துக் கேட்க வேண்டும்: தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235ஆம் பிரிவு. வரும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வயசான அம்மா இருக்காங்க, பிள்ளைங்க சின்னதுங்க, குறைஞ்ச தண்டனை கொடுங்கய்யா. எப்படிப்பட்ட ஆளும் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். அதையும் நான் அடிப்பேன். காயங்களை அடித்த அதே இயந்திரத்தில், அதே விரல்களால்.

நான் இருந்த கோர்ட்டில் ஒரு வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆயுள் தண்டனை போதாது என்பதற்குச் சிறப்புக் காரணங்களை எழுதியாக வேண்டும் என்றது அதே பழைய சட்டத்தின் 354ஆம் பிரிவு. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற அளவுகோலுக்கு இது பொருந்துகிறது என்று நீதிபதி பக்கம் பக்கமாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். நல்ல மனிதர் அவர். அன்று அவர் குரல் சரியாகவே இல்லை. கடைசியில் 'உயிர் போகும் வரை தூக்கிலிடப்பட வேண்டும்' என்ற வரி வந்தது. அதை அடிக்கும்போது, இந்த ஆளைக் கொல்லப்போவது யார் என்ற கேள்வி வந்தது. நீதிபதி சொன்னார், நான் அடித்தேன். உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் நிறைவேற்ற முடியும். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம், ஆளுநர், குடியரசுத் தலைவர். அப்புறம் சிறைக் கண்காணிப்பாளர், கயிற்றைச் சரிபார்ப்பவர், நெம்புகோலை இழுப்பவர். இத்தனை பேர் கை பட்டும் 'நான் கொன்றேன்' என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்டனை உயர் நீதிமன்றத்தில் ஆயுளாகக் குறைந்தது. செய்தி கேட்ட அன்று கோயிலுக்குப் போய் அந்த ஆளின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். செத்துப்போன பெண்ணின் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

திருக்குறள் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கொல்லாமை அதிகாரத்தில் 327ஆம் குறள், தன் உயிரே போவதானாலும் இன்னொரு உயிரை நீக்கும் செயலைச் செய்யாதே என்கிறது. செங்கோன்மை அதிகாரத்தில் 550ஆம் குறளோ, கொடியவர்களை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பதற்குச் சமம் என்கிறது. பரிமேலழகர் அந்த ஒறுத்தலைக் கொலைத் தண்டனை என்றே விளக்குகிறார். முரண் இல்லையா என்றால் வழக்கமான பதில் ஒன்று உண்டு: முன்னது துறவிக்கு, பின்னது வேந்தனுக்கு.

அரசன் இருந்த காலத்துக்கு அந்தப் பதில் சரி. இப்போது வேந்தன் யார்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்கிற நான்தான். செங்கோலில் எனக்கும் ஒரு பிடி இருக்கிறது. துறவிக்குச் சொன்னதும் வேந்தனுக்குச் சொன்னதும் இன்று ஒரே ஆளின் காதில் விழுகின்றன. காலையில் ஜீவகாருண்யம் பேசிவிட்டு மாலையில் என்கவுன்டருக்குக் கைதட்டும்போது, இரண்டும் வேறு வேறு ஆட்களுக்குச் சொன்னது என்று நான் தப்பிக்க முடியாது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

என் அப்பா கடைசி வரை கருப்புச் சட்டைக்காரர். கோயில் வாசலை மிதிக்காதவர். தூக்குத் தண்டனை பற்றி அவர் சொன்னது நினைவிருக்கிறது. "மேல ஒருத்தன் உட்கார்ந்து தப்பைத் திருத்துவான்னு நம்புறவன்கூட உயிரை எடுக்கலாம். எனக்கு அப்படி யாரும் இல்லம்மா. எடுத்தா எடுத்ததுதான்." அம்மா சஷ்டி விரதத்தைத் தவறவிடாதவர். அவரைக் கேட்டால், அவனவன் செய்ததை அனுபவித்துத் தீர்க்க இந்த உடம்பு வேண்டும், அதைப் பிடுங்கிக்கொள்ள நாம் யார் என்பார். கடவுள் இருக்கிறார், இல்லை என்று தினமும் சண்டை போட்ட இருவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். நான் அம்மா வழியில் போனவள். ஆனால் அப்பாவின் வாதத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைத்ததில்லை. தேடவும் விருப்பமில்லை.

நான் கும்பிடுகிற சாமியின் கையில் இருப்பது வேல். பூ அல்ல. இதை மறைத்துவிட்டு 'என் மதம் அகிம்சை மதம்' என்று பேச மனம் ஒப்பவில்லை. கந்தபுராணத்தில் நடப்பது பெரிய போர். விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்தப் போர் முடிகிற இடத்தைப் பாருங்கள். எல்லாக் கொடுமைக்கும் மூலகாரணமான சூரபதுமன் மாமரமாக நிற்கிறான், வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். ஒன்றில் முருகன் ஏறிக்கொள்கிறான், மற்றதைக் கொடியில் வைத்துக்கொள்கிறான். தலையைச் சீவிவிட்டுப் போக முடியாதவனா அவன்? மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளி எவனோ அவனைத்தான் கூடவே வைத்துக்கொண்டான். சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் சூரனின் தலை விழும்போது எல்லோரும் ஆரவாரம் செய்கிறோம். நானும் செய்வேன். அப்புறம் மயிலும் சேவலும் வரும்வரை காத்திருப்பேன். எனக்குச் சம்ஹாரம் அங்கேதான் முடிகிறது.

இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்று தெரியும். சட்டத்துக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றைக் கோர்ட்டிலேயே கற்றேன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டுமே அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள். மீதி 19 பேர் வெளியே வந்தார்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்ற பிறகு, வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாதாரண வழக்கில் செல்லாது, தடாவில் செல்லுபடியானது. எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் எவ்வளவு கனமானது என்பது எழுதுவதையே தொழிலாகக் கொண்டவளுக்குப் புரியும். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானபோது அவருடைய அம்மா அற்புதம்மாளின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதேன். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் காவலர்களும் உண்டு, அவர்கள் வீட்டிலும் அம்மாக்கள் இருந்தார்கள். அவர்களுடைய கோபத்தை எதிர்த்துப் பேச எனக்கு வார்த்தை இல்லை. விடுதலையைக் கொண்டாடியவர்கள் அந்த வீடுகளின் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்று தமிழருக்காகப் பேசுவது எனக்குச் சுலபம். 2012 நவம்பர் 21 அன்று, மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாப் தூக்கிலிடப்பட்டபோது பேசுவதுதான் கடினம். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது அதைவிடக் கடினம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. சுட்ட போலீசார் மேல் மக்கள் பூத் தூவினார்கள். அதை நியாயமாகப் பார்த்தவர்களில் நான் மதிக்கிற பெண்களும் இருந்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கைக்கு யாரும் பூத் தூவவில்லை.

காந்தியைச் சுட்டவனை 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்கிலிட்டார்கள். வேண்டாம் என்று கேட்டவர்களில் காந்தியின் பிள்ளைகள் மணிலாலும் ராம்தாஸும் உண்டு. தேசமே கொந்தளித்த நேரத்தில், அந்தத் தோட்டாக்களால் அப்பாவை இழந்தவர்கள் கேட்டார்கள். 1999இல் ஒடிசாவில் கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற பாதிரியாரையும், 10 வயதும் 6 வயதுமான அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்பிலேயே வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். சட்டம் செய்ய வேண்டியதைச் செய்யட்டும், மன்னிப்பு வேறு அது வேறு என்றார். சொல்லிவிட்டு ஓடிப்போகவில்லை. கணவர் நடத்திய தொழுநோயாளர் இல்லத்தில் சில வருடங்கள் தொடர்ந்து வேலை செய்தார். வெவ்வேறு சாமியைக் கும்பிடுகிறோம். ஆனாலும் மயிலையும் சேவலையும் நினைக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

"உன் பிள்ளையைக் கொன்றிருந்தால்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் பிள்ளையைக் கொன்றவனை என் கையாலேயே கொல்லத்தான் நினைப்பேன். ஆனால் வழக்கின் தரப்பினருக்கு உறவான நீதிபதி அந்த வழக்கை விசாரிக்கக் கூடாது, ஃபைலை வேறு கோர்ட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பிய ஃபைல்களை நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். பெற்றவளின் துக்கத்துக்கு நீதிமன்றத்தில் இடம் உண்டு, சாட்சிக் கூண்டில். நீதிபதியின் நாற்காலி அதற்கு உரியதல்ல. என்னையும் அங்கே உட்கார விடாதீர்கள்.

2025 ஜனவரியில் நம் சட்டமன்றம், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கு மரண தண்டனை வரை கொடுக்க வழிசெய்யும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 2011இல் கருணை கேட்டுத் தீர்மானம் போட்ட அதே மன்றம். குற்றங்கள் கொடியவைதான், கடுமையான தண்டனை வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. சாகும்வரை சிறை என்றால் சரி என்பேன். கயிறு வேண்டாம் என்று எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இரண்டு பக்கம் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் கொடுத்து, மூன்று பேருக்காகக் கேட்டதை மற்றவர்களுக்கும் கேட்பீர்களா என்று கேட்கப்போகிறேன்.